மூடிய அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு: அவசரத் திட்டத்தை எங்கிருந்து படிப்பது

காரைக்குடியில் இன்ஜினியரிங் முடித்து, அமெரிக்காவில் மேல்படிப்பு படித்த பையன் ஒருவன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். மூடிவிட்ட அணுமின் நிலையம் ஒன்றில் அவசரநிலைத் திட்டப் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அதே வேலையைப் பதினோரு வருடம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்டான்: "அண்ணே, ஆலையைத்தான் மூடிட்டாங்களே, அப்புறம் எதுக்கு அவசரத் திட்டம்?"

எதிர்வீட்டைக் காட்டினேன். அந்த வீட்டுப் புள்ளிகள் (பங்காளிக் குடும்பங்கள்) சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பிரிந்து போய் முப்பது வருடம் ஆகிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு, கல்யாணத்துக்குத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். ஆனாலும் சாவிக்கொத்து என் அப்பாவிடம் இருந்தது. ராத்திரி ஒரு தடவை டார்ச் அடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்துவிட்டுத்தான் படுப்பார். ஆட்கள் போய்விட்டார்கள், உள்ளறையில் சாமான் இருக்கிறதே!

மூடிய நிலையமும் அப்படித்தான். டர்பைன் நின்றுவிடும், ஆட்கள் கலைந்துவிடுவார்கள், பயன்படுத்திய எரிபொருள் மட்டும் அங்கேயே கிடக்கும். அமெரிக்காவில் மெய்ன் யாங்கி என்ற நிலையத்தை 1997இல் மூடினார்கள், 2005இல் கட்டடங்களை இடித்து முடித்தார்கள். எரிபொருளை அடைத்த 60 எஃகுக் கலங்கள் (கேனிஸ்டர்கள்) இன்னும் அதே வளாகத்தில் நிற்கின்றன. அமெரிக்காவில் அதை நிரந்தரமாகப் போட்டுவைக்க இடம் இன்னும் அமையவில்லை. நம் நாட்டுக் கதை வேறு: இங்கே எரிபொருளை மறுபடி பதப்படுத்துவதுதான் கொள்கை, ஓடி முடிந்து முழுதாகப் பிரித்தெடுத்த மின்நிலையம் இன்னும் ஒன்றும் இல்லை. அதனால் இந்த வேலையின் நடைமுறையை அயலூரில் போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சேருகிறவர் கையில் ஐந்நூறு பக்கத் திட்டம் ஒன்றைக் கொடுப்பார்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். கீழே உள்ள வரிசையில் படியுங்கள்.

முதல் படி: தேதியைக் கண்டுபிடியுங்கள்

உலை கடைசியாக நின்றது எந்தத் தேதியில்? எரிபொருள் இப்போது குளத்தில் (அதை ஆறவைக்கும் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, காஸ்க்கில் (தண்ணீர் இல்லாமல் வைக்கும் கனத்த உறை) இருக்கிறதா, பாதி இங்கே பாதி அங்கேயா? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். திட்டத்தில் உள்ள மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஏன் என்றால், உலையை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை நிறுத்தியவுடன் எரிபொருள் அதில் ஆறேழு சதவீதத்தைத் தானாகவே தந்துகொண்டிருக்கும். அதுவே 200 மெகாவாட். ஒரு நாள் கழித்து ஏறக்குறைய அரை சதவீதம். அதன் பிறகு இறங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். விறகடுப்பை அணைத்த பிறகும் கங்கு கனன்றுகொண்டிருக்கும் இல்லையா, அதுபோல. இந்தக் கங்கு மட்டும் வருடக்கணக்கில் கனலும். ஆறுமாதம் ஆறிய எரிபொருளுக்கும் ஆறு வருடம் ஆறிய எரிபொருளுக்கும் ஒரே திட்டம் எழுதினால் ஒன்றில் ஆபத்து, இன்னொன்றில் வீண்செலவு.

இரண்டாம் படி: மணிக்கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் "எவ்வளவு பெரிய ஆபத்து?" என்றுதான் கேட்கிறார்கள். அவசரத் திட்டக்காரன் கேட்க வேண்டியது "எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று. என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்களுக்குத் திட்டத்தின் மற்ற பக்கங்கள் தானாகப் புரிந்துவிட்டன.

கணக்கு இதுதான். எரிபொருளைச் சுற்றியுள்ள குழல் சிர்கோனியம் கலப்பு உலோகம். மிகவும் சூடேறினால் அது காற்றோடு சேர்ந்து தானே எரிய ஆரம்பிக்கும். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 900 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்திருக்கிறது. குளத்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது, அந்தக் குழல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுகளிலிருந்து துளிச் சூடுகூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டு, 900 டிகிரியைத் தொட எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்ப்பார்கள். உண்மையில் அப்படி நடக்காது. காற்றாவது கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகும். வேண்டுமென்றே மோசமாக வைத்துப் போடுகிற கணக்கு அது.

அந்த அவகாசம் 10 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால், தண்ணீர் விடவோ மக்களை அப்புறப்படுத்தவோ அவகாசம் போதும் என்று ஆணையம் எடுத்துக்கொள்கிறது. ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதி வரைவு இதைப் பொதுவான காலமாகவே சொன்னது: உலை நின்றதிலிருந்து, கொதிநீர் உலைக்கு (உள்ளேயே தண்ணீர் கொதிக்கும் வகை) 10 மாதம், அழுத்தநீர் உலைக்கு (தண்ணீரைக் கொதிக்கவிடாமல் அழுத்தத்தில் வைக்கும் வகை) 16 மாதம். அதுவரை, ஓடும் நிலையத்துக்கு இருப்பதுபோல சுற்றிலும் 16 கிலோமீட்டர் தூரம் வரை திட்டம், சைரன், வெளியேறும் பாதை எல்லாம் இருக்கும். அதற்குப் பிறகு நிலையம் விலக்குக் கேட்கும். கிடைத்தால் திட்டம் வேலியோடு நின்றுவிடும். வெளியே நடப்பதை வெள்ளம், தீ போன்றவற்றுக்கு உள்ள ஊர் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். வெர்மான்ட் யாங்கி என்ற அமெரிக்க நிலையம் 2014 டிசம்பர் 29 அன்று நின்றது. 2016 ஏப்ரலில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு வார்த்தை. கணக்கைப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சைரனைக் கழற்றுகிற அன்று ஊர்க்காரர்கள் கோபப்படுவதை "புரியாமல் பேசுகிறார்கள்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாற்பது வருடம் "சைரன் கேட்டால் ஓடு" என்று பழக்கிவிட்டு, ஒருநாள் "இனிமேல் வேண்டாம்" என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஊர்த் தீயணைப்புக்கும் பயிற்சிக்கும் நிலையம் தந்துவந்த பணமும் அதோடு குறைந்துவிடும். கூட்டத்தில் உங்களைப் பேசச் சொன்னால் 10 மணி நேரக் கணக்கை ஒளிக்காமல், எதையெல்லாம் மோசமாக வைத்துக்கொண்டு போட்டது என்பதோடு சொல்லுங்கள்.

மூன்றாம் படி: குளத்தங்கரையில் நின்று பாருங்கள்

குளம் சுமார் 12 மீட்டர் ஆழம். அடியில் 4 மீட்டர் உயரக் கட்டுகள் நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் 7 மீட்டர் அளவுக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு இரண்டு வேலை: ஒன்று குளிர்விப்பது, இன்னொன்று கதிர்வீச்சைத் தடுப்பது. இரண்டாவதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நீர்மட்டம் கட்டுகளின் தலையை நெருங்கும்போது, அவை சூடாகி உடைவதற்கு வெகு நேரம் முன்பே, குளத்தங்கரையில் ஆள் நிற்க முடியாமல் போய்விடும். ஆகவே "ஹோஸை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்று பீய்ச்சு" என்று திட்டத்தில் எழுதியிருந்தால், அந்த வேலைக்கு ஒரு கெடு இருக்கிறது. எந்த மட்டம் வரை கிட்டே போகலாம், அதற்குக் கீழே இறங்கினால் கட்டடத்துக்கு வெளியிலிருந்து தண்ணீர் ஏற்ற எந்த வால்வு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊருணிப் படிக்கட்டைப் பார்த்தே கோடையில் எத்தனை நாள் தாங்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நீங்களும் அப்படிச் சொல்லப் பழக வேண்டும். பம்ப் நின்றால் இந்தக் குளம் கொதிக்க எத்தனை மணி நேரம், கொதித்துக் கட்டின் தலைவரை வற்ற எத்தனை நாள்: இந்த இரண்டு எண்ணையும் மாதாமாதம் புதுப்பித்துக் கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதியிருப்பார்கள். இல்லை என்றால் முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். ஆறிய குளத்தில் வற்றுவது மெதுவாகத்தான் நடக்கும். பயப்பட வேண்டியது ஓட்டை விழுவதைத்தான். அதற்காகவே குழாய்கள் எல்லாம் மேல்மட்டத்தில்தான் உள்ளே நுழையும். குழாய் உடைந்தாலும் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டுப் போய்விடாதபடி துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளை அடைபடாமல் இருக்கிறதா என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

நீர்மட்டத்தைக் காட்டும் கருவி எவ்வளவு முக்கியம் என்பதை ஃபுகுஷிமா காட்டியது. 2011 மார்ச்சில் நான்காம் உலையின் குளத்தில் 1,535 கட்டுகள் இருந்தன. குளம் வற்றிவிட்டதோ என்று உலகமே நடுங்கியது. தண்ணீர் உள்ளே இருந்தது. இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் வழியில்லை. ஹெலிகாப்டரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் குளத்து மட்டத்தைத் தூரத்திலிருந்து நம்பகமாகக் காட்டும் கருவியை அமெரிக்க நிலையங்களில் கட்டாயமாக்கினார்கள்.

ஹோஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இருந்த இடத்தில் ஒரு ஒத்திகை. ஊர்த் தீயணைப்பு வண்டி சரியான நேரத்துக்கு வந்தது, பம்ப் ஓடியது, ஹோஸை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் குழாய் வாயில் வைத்தார்கள். மரை பொருந்தவில்லை. அவர்களுடையது ஒரு மரை, எங்களுடையது வேறு. இரண்டுமே இரண்டரை அங்குலம்தான், திட்டத்திலும் இரண்டரை அங்குலம் என்றுதான் இருந்தது; மரையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அந்த வருடம் நாங்கள் செய்த மிகப் பெரிய சீர்திருத்தம், ஒரு பித்தளை இணைப்பானை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, அந்தக் குழாய் வாயிலேயே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டது. நீங்கள் போனதும் உங்கள் நிலையத்தில் அது தொங்குகிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: அயோடினை மறந்துவிடுங்கள், சீசியத்தை மறக்காதீர்கள்

ஓடும் உலை விபத்து என்றதும் எல்லோருக்கும் அயோடின் மாத்திரை நினைவுக்கு வரும். கதிர்வீச்சுள்ள அயோடின் 131இன் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) 8 நாள். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சில மாதத்தில் இல்லை என்றே சொல்லலாம். மூடிய நிலையத்தில் அந்த மாத்திரையைக் கொடுத்துப் பயன் இல்லை. இங்கே கவலை சீசியம் 137, அதன் அரைவாழ்வு 30 வருடம். கையாளும்போது குழல் உடைந்தால் வெளியே வரக்கூடிய வாயு கிரிப்டான் 85. அது காற்றில் கலைந்துவிடும். பழைய திட்டத்திலிருந்து நகலெடுத்த பக்கங்களில் மாத்திரை விநியோகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், திட்டத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: காஸ்க் மேடையைச் சுற்றி நடங்கள்

சில வருடம் ஆறிய பிறகு எரிபொருளைக் குளத்திலிருந்து எடுத்துத் துருப்பிடிக்காத எஃகுக் கேனிஸ்டரில் வைத்து, ஈரம் போக உலர்த்தி, ஹீலியம் நிரப்பி, மூடியை வெல்டிங் செய்துவிடுவார்கள். அதைக் கான்கிரீட் உறைக்குள் இறக்குவார்கள். எல்லாம் சேர்த்து நூறு டன்னுக்கு மேல் வரும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. உறையின் அடியில் காற்று நுழையத் துவாரம், மேலே வெளியேறத் துவாரம். கேனிஸ்டரின் சூட்டில் காற்று மேலே எழும், கீழிருந்து புதுக் காற்று தானாக வரும்.

பையனுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. வளவில் உட்கார்ந்திருந்தோம். வெயில் நேரம், சூடான காற்று முற்றத்து வழியாக மேலே போக, பின்கட்டு வாசலிலிருந்து குளிர்ந்த காற்று காலில் பட்டது. "பின்வாசலைச் சாத்திட்டு வா" என்றேன். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து போய்த் திறந்தான்.

அதனால் காஸ்க் மேடையில் அன்றாட வேலை என்பது துவாரம் பார்க்கும் வேலை. பொதுவாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது காற்றின் வெப்பநிலையை அளக்க வேண்டும். குருவிக் கூடு, காற்றில் பறந்த பாலித்தீன், குவிந்த இலை, பனி என்று எதுவும் அடைக்கலாம். சலிப்பான வேலைதான். சலிப்பதால்தான் பார்க்காமலே டிக் அடிக்கத் தோன்றும். துவார வலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிற ஆளை ஷிஃப்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் காஸ்க் அவ்வளவு எளிதில் கெடாது. ஃபுகுஷிமாவில் அன்று ஒன்பது உலர் காஸ்க்குகளில் 408 கட்டுகள் இருந்தன. சுனாமி வந்து மூழ்கடித்தும் எரிபொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு நடப்பது தூக்கி இறக்கும்போதுதான். கலிஃபோர்னியாவின் சான் ஓனோஃப்ரேயில் 2018 ஆகஸ்ட் 3 அன்று, ஏறக்குறைய ஐம்பது டன் கேனிஸ்டரை உறைக்குள் இறக்கும்போது அது உள்விளிம்பில் மாட்டிக்கொண்டது. தூக்கும் பட்டைகள் தொய்ந்துவிட்டன. கேனிஸ்டர் அடிக்குப் போய்விட்டது என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்; அது அந்தரத்தில், தரைக்கு மேல் பதினெட்டு அடியில், அந்த விளிம்பின் தயவில் நின்றது. விழவில்லை. ஆனால் பல மாதம் வேலை நின்றது, அபராதமும் விழுந்தது. உங்கள் நிலையத்தில் கேனிஸ்டர் மாற்றும் காலம் இனிமேல்தான் என்றால், பாரம் தொய்ந்தால் யார் "நிறுத்து" என்று கத்தலாம் என்பதைத் திட்டத்தில் தேடுங்கள். எல்லோரும் கத்தலாம் என்று இருக்க வேண்டும்.

கடற்கரை நிலையம் என்றால் உப்பு. துருப்பிடிக்காத எஃகுக்கும் உப்புக்காற்று ஆகாது: வெல்டிங் பக்கத்தில் உலோகம் இழுபட்ட நிலையில் இருக்கும், அங்கே உப்பும் ஈரமும் படிந்தால் வருடங்கள் போக மயிரிழை விரிசல் விழக்கூடும். இந்த அரிமானப் பாடத்துக்காகக் காரைக்குடிக்காரன் அமெரிக்கா போக வேண்டியதில்லை என்று பையனிடம் சொன்னேன். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஊரிலேயே இருக்கிறது. கடல்காற்றில் உலோகம் என்ன பாடுபடும் என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்குத் தனிச் சோதனை நிலையமே உண்டு. லீவில் வரும்போது அங்கே யாரையாவது பிடித்துப் பேசிவிட்டுப் போவது நல்லது.

ஆறாம் படி: அறிவிப்பு நிலைகள்

ஓடும் நிலையத்தில் நான்கு அவசர நிலைகள். எரிபொருள் நன்றாக ஆறிய மூடிய நிலையத்தில் கீழ் இரண்டுதான் மிஞ்சும்: வழக்கத்துக்கு மாறான நிகழ்வு, அதற்கு மேல் உஷார் நிலை. ஓடும் நிலையம் 15 நிமிடத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும்; மூடியதற்கு வழக்கமாக ஒரு மணி நேரம் தருகிறார்கள். எந்த அளவீடு எந்த நிலைக்குப் போகும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள். ஊடுருவல், மிரட்டல் வரிசையை முதலில் படியுங்கள். காஸ்க் மேடையில் காவல் பிரிவுதான் பெரும்பாலும் முதலில் போன் எடுக்கும்.

ஏழாம் படி: போன் நம்பர்கள்

இதற்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். கிண்டல் இல்லை.

ஒரு ஐப்பசி அடைமழையில் எதிர்வீட்டு இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து, பட்டாலைக் கூடத்துக்குள் தண்ணீர் கொட்டியது. அப்பா நோட்டைப் புரட்டிச் சென்னை நம்பருக்கு அடித்தார். எடுத்தவர் யாரோ. "அந்த ஐயா காலமாகி ரெண்டு வருஷம் ஆச்சுங்களே" என்றார். அடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது கோலாலம்பூர், அப்போது அங்கே நடுராத்திரி. பங்காளிகளில் யார் சொன்னால் கொத்தனாரை உள்ளே விடலாம் என்றும் அப்பாவுக்குத் தெரியவில்லை. விடியும்வரை அண்டாவை வைத்து ஏந்திக்கொண்டிருந்தோம். மறுநாள் எதிர்வீட்டு ஆச்சி போன் செய்தார்: "உள்ள போய்ப் பாத்துக்கப்பா, இதுக்கெல்லாமா கேக்கணும்?" அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பட்டாலைத் தூணடி ஊறியிருக்காது.

மூடிய நிலையத்தில் இதே கதை நடக்கும். ஆட்கள் குறையும்போது போன் பட்டியலில் பாதிப் பேர் வேலையை விட்டிருப்பார்கள். தீயணைப்பு நிலையம் வேறு ஊரோடு இணைந்திருக்கும். ஆஸ்பத்திரி பெயர் மாறியிருக்கும். தனித்த எரிபொருள் சேமிப்பு மேடைகளுக்கான அமெரிக்க விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளி அமைப்புகளோடு தொடர்பு சோதனை செய்து, போன் நம்பர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்த வரி சும்மா வந்திருக்காது.

ஒவ்வொரு நம்பருக்கும் நீங்களே அடியுங்கள். பகலில் ஒருமுறை, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை. எடுப்பவரிடம் "நீங்கள் வர எவ்வளவு நேரம் ஆகும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" என்று கேட்டு, பதிலை நம்பருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தனி ஆள் பெயருக்குப் பதிலாகப் பொறுப்பின் பெயரைப் போடுங்கள். ஷிஃப்டில் இருக்கும் ஒருவருக்கு, மேலே யாரையும் கேட்காமல் தீயணைப்பு வண்டியை உள்ளே விடும் அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டு வண்டியை நிறுத்திவைத்தால் அந்த 10 மணி நேரத்தில் ஒரு மணி அங்கேயே போய்விடும்.

எட்டாம் படி: ஒத்திகை

தீ, மருத்துவம், கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு வருடாவருடம் சிறு ஒத்திகை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை. இது விதி. விதியில் இல்லாத ஒன்றை நான் செய்வேன்: ஆள் மிகக் குறைவான நாளைத் தேர்ந்தெடுப்பேன். வளாகத்தில் நாலைந்து பேர் மட்டும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஒருவர் காயம்பட்டுக் கிடக்கிறார், இன்னொருவர் அவரோடு ஆம்புலன்ஸில் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மிஞ்சியவர்களால் திட்டத்தில் உள்ள வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆளின் பெயர் மூன்று பொறுப்பில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பையன் கிளம்பும்போது "முதல் நாள் என்ன செய்யணும்ணே?" என்றான். அவன் போவது பனி கொட்டும் ஊர். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வெளிச்சுவரில் இருக்கும் அந்தத் தண்ணீர் வால்வு வரை நடந்துபோ என்றேன். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள். கையுறையைக் கழற்றாமல் வால்வைத் திருப்ப முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அன்றைக்கே எழுதிக் கொடு.